ஒன்பது பேர் மேசையும் எதிரில் ஒரே ஒரு ஆளும்

போன வாரம் நம் போக்கர் வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அதே கேள்வி வந்தது. "அக்கா, ஒன்பது பேர் டேபிள்ல நான் சூப்பரா ஆடுறேன். ஒன் ஆன் ஒன்ல மட்டும் அடி வாங்குறேன். ஏதாவது சார்ட் இருந்தா ஷேர் பண்ணுங்க." கேட்டவர் லிவர்மோர் முரளி. கீழே பதினோரு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தீர்கள். ஆலன் ஊரில் இருக்கும் தம்பி கட்டைவிரலோடு நிற்காமல், தன் மூன்று மானிட்டர்களையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மூன்றிலும் பச்சையும் சிவப்புமாகக் கட்டங்கள். எந்த சீட்டு வந்தால் எவ்வளவு ஏற்ற வேண்டும், எதைக் கீழே போட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறதாம். தினமும் காலையில் ஒரு மணி நேரம் மனப்பாடம் பண்ணுகிறாராம். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் சமன்பாடுகளை இப்படித்தான் மனப்பாடம் பண்ணினோம். இன்று அதில் ஒன்றாவது யாருக்காவது நினைவிருக்கிறதா?

நான் ஆன்லைன் போக்கரை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் எட்டு வருடம் நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டின் ஒரு படுக்கையறையில் உட்கார்ந்து அதுதான் என் தொழில். அதில் ஆறு வருடம் இருவர் மேசை. ஒரு பக்கம் நான், மறுபக்கம் முகம் தெரியாத ஒரே ஒரு ஆள். சார்ட் கேட்டவர்களுக்கு என்னிடம் சார்ட் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை உங்கள் காசைச் செலவழித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நான் பட்டது நினைவுக்கு வந்தது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் முரளி கதை. தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். போன கோடையில் லிவர்மோர் கோயிலுக்கு வந்தபோது அவர் வீட்டில்தான் எங்களுக்கு மதியச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் "அக்கா, ஒரு மேட்ச்" என்றார். பணம் கிடையாது, ஃபோனில் சும்மா விளையாடும் ஆப். சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தோம். இருபது ஆட்டத்தில் பதிமூன்று முறை சீட்டைக் கீழே போட்டார். நம் ஊர் ரம்மியில் ஸ்கூட் என்பார்களே, அதேதான்.

"ஏன் தம்பி, அதையும் போட்டுட்டீங்க?"

"ராணியும் மூணும்க்கா. அதை எல்லாம் யாராவது ஆடுவாங்களா? லிஸ்ட்லயே இல்ல."

"எங்கிட்ட என்ன இருந்துச்சுன்னு நினைச்சீங்க?"

"அதை நான் எப்படிக்கா சொல்ல முடியும்?"

நான் என் ஃபோனைத் திருப்பிக் காட்டினேன். ஏழும் இரண்டும். போக்கரில் அதைவிடக் கேவலமான சீட்டு கிடையாது. சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, "வாரா வாரம் மலை தாண்டி ட்ரைவ் பண்ணி கார்டு ரூமுக்குப் போறாரே, அங்கயும் இதேதான் பண்றாரா அக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அங்கே அது சரி. இங்கே அது தற்கொலை.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரே ஒரு முறை விளக்குகிறேன். சீட்டுப் போடும் முன்பே கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம் ஒன்று உண்டு. ஒன்பது பேர் மேசையில் அது ஆளுக்கு ஆள் சுற்றி வரும், ஒன்பது ஆட்டத்தில் இரண்டு முறைதான் உங்களைக் கடிக்கும். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். மற்ற எட்டுப் பேரில் எவனாவது ஒருவன் அவசரப்படுவான், எவனாவது ஒருவன் மண்ணைக் கவ்வுவான். நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து, வந்ததும் அள்ளிக்கொண்டு போகலாம். இருவர் மேசையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நீங்கள் பந்தயம் வைத்தே ஆக வேண்டும். நீங்கள் கீழே போடும் ஒவ்வொரு முறையும் அது எதிரில் இருக்கும் அதே ஆளுக்குத்தான் போகும். அங்கே காத்திருப்பதற்கு வாடகை உண்டு.

இது எனக்கும் தெரியும். தெரிந்தே தோற்றேன் என்பதுதான் விஷயம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த வழி பெரிய கதை இல்லை. ஈரோட்டில் இன்ஜினியரிங் முடித்து, கல்யாணமாகி, கணவர் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். எங்கள் அபார்ட்மென்டில் வெள்ளிக்கிழமை ஆண்கள் போக்கர் ஆடுவார்கள், பெண்கள் பஜ்ஜி போடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை என் கணவர் செல்வாவுக்கு ஆபீஸிலிருந்து ஏதோ ப்ரொடக்‌ஷன் பிரச்னை என்று கால் வந்தது. "என் இடத்துல சும்மா உக்காரு, எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனார். நான் சொன்னபடியே எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். ஜோடி ராஜா வந்தபோது மட்டும் தொட்டேன். அவர் திரும்பி வந்தபோது மேசையில் இருந்த பந்தயக் காய்களில் பாதி என் முன்னால் இருந்தது. அதிர்ஷ்டம் என்றார்கள் அந்த மேதாவிகள். அவர்கள் எல்லாரும் ஆபீஸில் ஆர்க்கிடெக்ட், மேசையில் அரைமணி நேரம் பொறுக்கத் தெரியாத ஆட்கள்.

வேலை அனுமதி அட்டை வந்ததும் ஆன்லைனில் உட்கார்ந்தேன். நியூ ஜெர்சியில் அது சட்டப்படி சரி, வரியும் கட்டினேன். இரண்டு வருடம் ஒன்பது பேர் மேசைதான். அங்கே எனக்கு யாரும் எதுவும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகளாக வாழ்ந்தவளுக்கு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க யார் கற்றுத்தர வேண்டும்? விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்று எங்கள் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்திருந்தார்கள். ஒன்பது பேர் மேசையில் அது சத்தியமான வார்த்தை. ஒரு பக்கம் ரசம் தாளித்துக்கொண்டே ஆடுவேன். எட்டு ஆட்டத்தைக் கீழே போட்டு ஒன்பதாவதை ஆடுவேன். ஜெயித்தேன்.

பிறகு பிரச்னை வேறு வழியில் வந்தது. காலையில் ஒன்பது பேர் சேருவது குறைந்துபோனது. சாயங்காலம்தான் கூட்டம். சாயங்காலம் என் மகள் யாழினிக்கு ஹோம்வொர்க், நீச்சல், பரதநாட்டியம். எனக்குக் கிடைத்தது அவள் ஸ்கூல் பஸ் ஏறும் எட்டே முக்காலிலிருந்து இறங்கும் மூன்று மணி வரை. அந்த நேரத்தில் ஆள் கிடைத்தது இருவர் மேசையில் மட்டும்தான். ஆட்டம் ஒன்றுதானே என்ற திமிரோடு போய் உட்கார்ந்தேன்.

அங்கே ஒருவர் இருந்தார். பெயர் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. திரையில் ஒரு புனைபெயர், ஒரு ஆமைப் படம். அவ்வளவுதான். தினமும் காலை ஒன்பதரைக்கு வந்து உட்காருவார். வசந்தம் முழுக்க என்னைத் துவைத்துக் காயப்போட்டார். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே சாட்டில் எழுதினார்: சில நிமிடத்துக்கு ஒரு முறை எனக்கு ஒரு ஆட்டத்தை இனாமாகத் தருகிறாயே, அடுப்பில் ஏதாவது வைத்திருக்கிறாயா?

அடுப்பில் துவரம் பருப்பு வெந்துகொண்டிருந்தது. விசில் வரும் நேரமெல்லாம் நான் எழுந்து போவேன், போகும் முன் சீட்டைப் பார்க்காமலே கீழே போடுவேன். ஒன்பது பேர் மேசையில் இதை எவனும் கவனித்திருக்க மாட்டான். அங்கே நான் ஒன்பதில் ஒருத்தி. இங்கே அந்த ஆளுக்கு என்னைக் கவனிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. என் குக்கர் விசிலைக் கேட்காமலே எண்ணியிருக்கிறார். அன்றோடு ஆடும்போது அடுப்பு மூட்டுவதை நிறுத்தினேன். உங்களில் மீட்டிங்கில் மியூட் போட்டுக்கொண்டு பக்கத்து விண்டோவில் ஆடும் கெட்டிக்காரர்கள் எல்லாரும் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

அடுப்பை அணைத்தும் தோற்றேன். அந்த ஆள் கொஞ்சம் பெரிதாக ஏற்றினால் போதும், என் கை தானாகவே சீட்டைக் கீழே போட்டுவிடும். அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம், நல்ல சீட்டு வரட்டும் என்று மனசு சொல்லும். வரும். வந்ததும் நான் ஏற்றுவேன். நான் ஏற்றினாலே என்னிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், உடனே விட்டுவிடுவார். கோடை முடியும்போது இன்னொரு வரி எழுதினார்: யாருடைய அனுமதிக்காகக் காத்திருக்கிறாய்?

கோபத்தில் சாட்டை மூடிவிட்டேன். பெரிய தத்துவஞானி என்று தமிழில் திட்டினேன். ஆனால் அன்று பகல் முழுக்க சோறு இறங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் செல்வா பொறுமை இழந்தார். நான் தோற்பது அவருக்குத் தெரியும், நான் மறைக்கவில்லை. ஒரு நாள் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"எடிசன் பக்கம் ஒரு கன்சல்டன்சி இருக்கு. ஆறு வாரம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் ட்ரெய்னிங் தர்றாங்க, அப்புறம் அவங்களே ப்ளேஸ்மென்ட் பண்ணிடுவாங்க."

"எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் ஒண்ணுமே இல்லையேங்க."

"அதையும் அவங்களே போட்டுக்குவாங்க."

போட்டுக்கொண்டார்கள். ட்ரெய்னிங் முடிந்தபோது என் ரெஸ்யூமேயில் ஏழு வருட அனுபவம் இருந்தது. சார்லட்டில் ஒரு வங்கியில் நான் டெஸ்ட் லீடாம். சார்லட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கூகுள் மேப்பில்தான் பார்த்தேன். வீடியோ இன்டர்வியூவுக்கு நாள் குறித்தார்கள். கன்சல்டன்சிக்காரர் ஃபோனில் ரொம்பக் கனிவாகப் பேசினார். "நீங்க டென்ஷனே ஆகாதீங்க மேடம். எங்க பொண்ணு ஒண்ணு லைன்ல இருக்கும், பதில் எல்லாம் அதுவே சொல்லிடும். நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

உங்களில் சிலருக்கு இதைப் படித்து ஆச்சரியமே வந்திருக்காது. சிலர் இந்த வழியில்தான் வேலைக்கே வந்திருப்பீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம், நானும் வாயசைத்தவள்தான்.

அக்டோபர் மாதம், காலை பதினொரு மணி. செல்வா வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள். லேப்டாப்புக்குப் பின்னால், கேமராவில் படாத இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். திரையில் நரைத்த முடியோடு ஒரு அமெரிக்கப் பெண்மணி. அவர் கேட்கக் கேட்க எங்கோ உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் குரல் பதில் சொன்னது. நான் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினேன். நல்ல குரல், நல்ல ஆங்கிலம். கால்மணி நேரம் இப்படியே ஓடியது. அந்தக் கால்மணி நேரத்தில் எனக்கு இருந்த வெட்கத்தை எந்தத் தோல்வியிலும் நான் பட்டதில்லை.

திடீரென்று அந்தப் பெண்மணி கையைத் தூக்கி நிறுத்தினார். குரல் வந்த பிறகுதான் உங்கள் உதடு அசைகிறது என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், நீங்களே பதில் சொல்லுங்கள், இந்த வங்கியில் நீங்கள் வேலை பார்த்தீர்களா என்றார்.

லைனில் இருந்த பெண் கப்சிப். நான் செல்வாவைப் பார்த்தேன். அவர் மூலையில் இருந்த ரவுட்டரைக் காட்டிக் கையை விரித்தார். நெட்வொர்க் பிரச்னை என்று சொல்லி கட் பண்ணிவிடு என்று அர்த்தம். அந்தப் பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் ஒளிந்துகொள்ள எட்டுப் பேர் இல்லை. அப்போதுதான் உறைத்தது, பதில் எனக்குத் தெரிந்திருந்தும் நான் செல்வாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. ஆமைப்படக்காரர் கேட்டது இதைத்தான்.

"இல்லை" என்று என் சொந்தக் குரலில் சொன்னேன். "நான் அங்கே வேலை பார்க்கவில்லை. நான் ஆன்லைனில் போக்கர் ஆடுகிறேன். இப்போது தோற்றுக்கொண்டிருக்கிறேன்."

சொன்னதற்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் திரையை அணைத்தார். உண்மை பேசியதற்கு அவர் எனக்கு வேலை தந்திருப்பார் என்று எதிர்பார்த்திருந்தால், நீங்கள் சீரியல் அதிகம் பார்க்கிறீர்கள்.

செல்வா அன்று போட்ட சத்தம் கீழ்வீடு வரை கேட்டிருக்கும்.

"இந்தக் காம்ப்ளெக்ஸ்ல எத்தனை பேர் இப்படித்தான் வேலைக்குப் போயிருக்காங்க தெரியுமா? எல்லாரும் பண்றதுதானே? உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"கிரீன் கார்டு க்யூல பத்து வருஷமா நிக்கறீங்க. பொய் ரெஸ்யூமேன்னு ஒருத்தன் கம்ப்ளைன்ட் பண்ணினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

அவர் யோசிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரோடு ஒத்துப் போகிற மனிதர். பக்கத்தில் எட்டுப் பேர் என்ன செய்கிறார்களோ அதைச் செய்தால் தப்பில்லை என்று வாழ்கிறவர். ஒன்பது பேர் மேசைக்கு அளவெடுத்துத் தைத்த ஆள்.

கடைசியில் அவரே சொன்னார். "தை பொறக்கற வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள நீ ஜெயிக்கணும். இல்லைன்னா இதை விட்டுட்டு நீயே ஒரு வேலை தேடிக்கணும், ஸ்டோர்ல பில் போடற வேலையா இருந்தாலும் சரி."

"சரிங்க. ஆனா என் கணக்குல இருக்கறதை மட்டும் வெச்சுத்தான் ஆடுவேன். வீட்டுப் பணத்தைத் தொட மாட்டேன். அது தீர்ந்தாலும் நிறுத்திடறேன்."

பேரம் முடிந்தது. மூன்று மாதம். தோற்றால் என் தொழில் போகும். அதைவிட, தொழில் என்று அதைச் சொல்லிக்கொண்ட என் மரியாதை போகும். அந்த வீட்டில் அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் ரவுட்டரைக் காட்டுவார்கள்.

இன்டர்வியூவில் ஞானம் வந்து மறுநாள் முதல் ஜெயித்தேன் என்றும் எழுத மாட்டேன். மறுநாள் காஞ்ச மாடு கம்பில் விழுந்த மாதிரி விழுந்தேன். எந்த சீட்டு வந்தாலும் ஏற்றினேன், எதையும் கீழே போடவில்லை. கணக்கில் இருந்ததில் பாதி இரண்டு வாரத்தில் போனது. ஆமைப்படக்காரர் சாட்டில் ஒரு வரி எழுதினார்: முன்பு வாயே திறக்க மாட்டாய், இப்போது வெறுமனே கத்துகிறாய், இரண்டிலும் நீ என்னைப் பார்க்கவில்லை.

அந்த வரிக்கு நான் கோபப்படவில்லை. சரியாகத்தான் சொன்னார். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் என் சீட்டு, என் பயம், என் தை மாதம். எதிரில் ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கும் பயம் உண்டு, அவருக்கும் பழக்கங்கள் உண்டு என்று தோன்றவே இல்லை. அன்றிலிருந்து ஒரே ஒரு வேலை செய்தேன். ஆட்டம் முடிந்ததும், அன்று நான் கீழே போட்டவற்றில் மூன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். இதை சீட்டு மோசம் என்று போட்டேனா, எதிராளி அதட்டியதால் போட்டேனா? அதட்டியதால் என்றால், அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? முதல் வாரம் மூன்றும் அதட்டலுக்குப் பயந்து போட்டவையாகவே இருந்தன. அடுத்த மாதம் இரண்டாகின. ஒரு நாள் ஒன்றுகூட இல்லை.

பார்க்கத் தொடங்கியதும் தெரிந்தது. நல்ல சீட்டு இருந்தால் அவர் கொஞ்ச நேரம் யோசிப்பார். ஒரு பெரிய ஆட்டத்தைத் தோற்றதும் அடுத்த நாலைந்து ஆட்டத்தில் ரோஷம் வரும், யோசிக்காமல் பெரிதாக ஏற்றுவார். இவ்வளவு பெரிய ஆளுக்கும் ரோஷம் வருகிறதே என்று எனக்கு முதலில் அற்ப சந்தோஷம். பிறகு அது வேலைக்கான விஷயமாகிவிட்டது. ஆலன் தம்பி, இது உங்கள் மூன்று மானிட்டரில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

மார்கழி முடிய நாலு நாள். பனி கொட்டி ஸ்கூலுக்கு லீவு விட்டிருந்தார்கள். யாழினி ஹாலில் வரைந்துகொண்டிருந்தாள். செல்வா பக்கத்து அறையில் ஏதோ மீட்டிங்கில் இருந்தார். என் கணக்கில் மிச்சமிருந்தது எல்லாம் மேசையில் இருந்தது. மூன்று ஆட்டம் முன்புதான் நான் அவரிடமிருந்து பெரிய ஆட்டம் ஒன்றை ஜெயித்திருந்தேன். இப்போது என்னிடம் ஒரு ஜோடி நாலு. பொதுச் சீட்டில் ராஜா, ராணி, பத்து என்று பெரிய தலைகள் எல்லாம் இறங்கியிருந்தன. கடைசிச் சீட்டு விழுந்ததும் அவர் இருப்பது எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். நான் தொடர்ந்தால் என்னுடைய எல்லாமும் உள்ளே போகும்.

ஒன்பது பேர் மேசையில் ஜோடி நாலை அங்கே கண்ணை மூடிக்கொண்டு கீழே போடுவேன். இப்போதும் போடுவேன், நீங்களும் போடுங்கள். திரையின் ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு யாழினி வந்தாள். "அம்மா, ஆர் யூ டன்? ஐ'ம் ஹங்ரி."

"ரெண்டு நிமிஷம் கண்ணு."

தைரியமாக இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கீழே போட்டால் கொஞ்சம் மிச்சமிருக்கும், இன்னும் நாலு நாள் ஓட்டலாம், அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதே பழைய குரல் சொன்னது. அந்தக் குரலை ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன். இந்த ஆள் இப்போது யோசித்தாரா? இல்லை. சீட்டு விழுந்த கணமே தள்ளினார். நல்ல சீட்டு இருந்தால் அவர் அப்படித் தள்ளி நான் பார்த்ததே இல்லை. மூன்று ஆட்டம் முன்பு தோற்ற ரோஷம் இன்னும் ஆறவில்லை. இவரிடம் ஒன்றும் இல்லை.

தொடர்ந்தேன். அவர் சீட்டு திரும்பியது. எட்டும் ஆறும். ஒன்றுமே இல்லை. என் ஜோடி நாலு ஜெயித்தது.

சாட்டில் எழுதினார்: உன்னிடமிருந்துதான் ஒரு வருடமாக என் மதியச் சாப்பாடு, இனி வேறு ஆளைத் தேட வேண்டும். அவ்வளவுதான், நாற்காலி காலியானது. அதற்குப் பிறகு நான் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் அந்த ஆமை என் எதிரில் வந்து உட்காரவே இல்லை. தம்பிகளே, தங்கைகளே, இருவர் மேசையில் பட்டம், பதக்கம் எல்லாம் கிடையாது. உங்களைத் தினமும் தின்றவர் எழுந்து போவதுதான் அங்கே தரும் சர்டிஃபிகேட். அந்த மனிதர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

யாழினிக்குத் தோசை ஊற்றினேன். மீட்டிங் முடிந்து வந்த செல்வா சமையலறை வாசலில் நின்று, "இன்னிக்கு எப்படி?" என்றார்.

"எழுந்து போயிட்டாருங்க."

"யாரு?"

விளக்கிச் சொன்னேன். புரிந்த மாதிரி தெரியவில்லை. ஒரு தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டே போய்விட்டார். இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பொங்கல் முடிந்து அடுத்த வாரம், ஒரு திங்கட்கிழமை. பத்து மணிக்குப் புது ஆள் ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவரிடம் என்னென்ன பழக்கம் இருக்கிறது என்று முதல் ஆட்டத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாலில் வைத்துவிட்டு வந்த என் ஃபோன் அடித்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த செல்வா எடுத்தார். ஸ்பீக்கர் போட்டுப் பேசுவது அவர் வழக்கம், எனக்கு எல்லாம் கேட்டது. அதே கனிவான கன்சல்டன்சிக் குரல்.

"சார், மேடமுக்கு இன்னொரு ப்ரொஃபைல் ரெடி பண்ணியிருக்கோம். இந்தத் தடவை க்ளையன்ட் ரொம்ப ஈஸி. மேடம் இருக்காங்களா?"

செல்வா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை மாதம் முகம் தெரியாத ஆளைப் படித்தவளுக்கு, பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவரைப் படிக்க முடியவில்லை.

"இல்லைங்க. அவங்க வேலையில இருக்காங்க" என்றார். "இனிமே இதுக்காகக் கூப்பிடாதீங்க."

பிறகு நடந்து வந்து, நான் திரும்பிப் பார்ப்பதற்குள், அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.

திரையில் எனக்குச் சீட்டு வந்திருந்தது. நேரம் குறைந்துகொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு என்ன சீட்டு என்றே தெரியவில்லை. அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் பார்க்காமலே கீழே போட்டேன்.